வழுக்கையாற்றைக் காப்பவர் யார்?
(கமக்காரர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறில்லை என்று பள்ளிக்கூடத்திற் படித்தோம். ஆயினும் மாரிக்கு மாரி ஓர் ஆறு நம் வயல்களினூடே ஓடவே செய்கிறது. தெல்லிப்பழைப் பக்கத்தில் தொடங்கி அளவெட்டி, கந்தரோடை, சங்குவேலி, நவாலி வழியாக வந்து, அராலியிற் கடனீரேரியைச் சேரும் வழுக்கையாறே அது. கோடையிற் கண்டவர் அதனை ஆறென்று ஒப்பார். கார்த்திகையிற் கண்டவர் மறுக்கார். 2008 நவம்பரில் நிஷா புயலின்போதும், 2024 நவம்பர்ப் பெருமழையின்போதும் குடாநாட்டு வயல்கள் பட்ட பாட்டை நீங்கள் அறிவீர்கள்.

வெள்ளத் தடுப்பு வேலை முன்னேறுகிறதா என்று வினவினால், இத்தனை மீற்றர் வாய்க்கால் வெட்டினோம், இத்தனை மதகு கட்டினோம் என்று விடை வருகிறது. கமக்காரனின் கணக்கு வேறு. சென்ற மாரியில் எட்டு நாள் நின்ற வெள்ளம் இம்மாரியில் மூன்று நாளில் வடிந்ததா? வடிந்தால் அது முன்னேற்றம். வடியாவிடின் அது வெறுஞ் செலவு.

இதற்கு மூன்று காரியங்கள் இன்றியமையாதன.

முதலாவது, வரிசை. துப்புரவு வேலை அராலி முகத்திலிருந்து மேனோக்கி வரவேண்டும். கீழே வழிவிடாது மேலூரில் ஆழமாக்கினால், மேலூரார் வெள்ளம் கீழூரார் கதிரில் நிற்கும்.

இரண்டாவது, காலம். அரசாங்கத்தின் நிதியாண்டு டிசெம்பர் 31 இல் முடிகிறது. ஒதுக்கிய பணம் கைக்கு வந்து ஒப்பந்தம் எழுதப்படுமுன் ஒக்டோபர் மழை பிடித்துக்கொண்டால், வாரிய மண் மீண்டும் வாய்க்காலுக்கே போகும். ஆவணிக்குள் முடியாத வேலை அவ்வாண்டுக்குப் பயன்படாத வேலை.

மூன்றாவது, பொறுப்பு. முகத்திலுள்ள தடுப்பணைக்கு இரு கடமைகள் உண்டு: உப்புநீரை மறித்தல், வெள்ளத்தை வெளிவிடுதல். பிந்தித் திறந்தாற் பயிர் அழுகும். முந்தித் திறந்தாற் கிணறுகளுக்கு ஊறவேண்டிய நன்னீர் கடலுக்குப் போய்விடும். ஆகவே எவர் திறப்பது, எந்த மட்டத்திற் திறப்பது என்பது எழுத்தில் இருத்தல் வேண்டும். தொண்டைமானாற்றுக் கதவணை 1953 இல் நிறைவுற்றது. பின்னர் அதன் கதவுகள் பழுதுற்று உவர்நீர் உட்புகுந்ததை வடமராட்சியார் மறவார். கட்டுவது ஒருமுறை, காப்பது ஆண்டுதோறும்.

இனி நம்மவரைப் பற்றியும் ஒரு சொல். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம், அனுமதியின்றி நெற்காணியை மண்ணிட்டு நிரப்புவதைத் தடுக்கிறது. ஆயினும் ஆற்றோரத்தில் நிரப்புவது நிற்கவில்லை. நிரப்புவோர் அந்நியர் அல்லர். படித்தவரும் உத்தியோகத்தரும், என் போன்ற நியாயவாதிகளும் அதற்கு விலக்கல்லர். நம் வேலியை ஆற்றுக்குள் நகர்த்திவிட்டு, வெள்ளத்துக்கு அரசாங்கத்தை மாத்திரம் குறைகூறுதல் நீதியாகாது.

ஆதலின் ஒவ்வொரு கமக்காரர் அமைப்பும் இம்மாரியில் ஒரு கொப்பி வைத்திருக்கட்டும். எந்த வயலில் எத்தனை நாள் நீர் நின்றது, தடுப்பணை எந்நாளிற் திறக்கப்பட்டது என்று குறிக்கட்டும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின்படி வேலை மதிப்பீடுகளைக் கேட்டுப் பெறட்டும். இரண்டையும் தை மாதத்தில் ஒருங்கே வைத்துப் பார்ப்போம். அதன்பின் நாம் கேட்கும் கேள்விக்கு விடை சொல்லாது எவரும் நழுவ முடியாது.