தாலாட்டிய குரலுக்கு மேடை எங்கே?
(ஹல்துமுல்லையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தோட்டத்துத் தமிழனுக்கு இசை ஏது என்று கேட்போர் இன்றும் உளர். சபையும் பக்கவாத்தியமும் இருந்தால்தான் இசை என்று எண்ணும் பேதைமை அது. நாம் வளர்ந்த லயத்திலே வீணை இல்லை, தம்புரா இல்லை. ஆயினும் இசையில்லாத வாழ்வு நமக்கு இருந்ததில்லை. நம் முன்னோரைப் பொழுது புலருமுன் பிரட்டுக்களத்துக்கு அழைத்தது தப்பு. நம்மைத் தூங்கவைத்தது தாலாட்டு. கொழுந்து மலையிலே களைப்பை மறக்கச் செய்தது தெம்மாங்கு. மாண்டவரை வழியனுப்பியது ஒப்பாரி. மாசி பிறந்தால் காமன் கூத்து. இவையன்றி அருச்சுனன் தவசும் பொன்னர் சங்கரும் உண்டு. இவையே நமது சங்கீதக் கல்லூரி!

இந்தக் கல்லூரியின் ஆசான்கள் யார்? தாலாட்டைப் பாடியவள் தாய். ஒப்பாரி சொல்லி அழுதவள் பாட்டி. நடவு வயலிலே குலவையிட்டவளும் பெண்ணே. வீட்டுக்குள்ளே பாட்டெல்லாம் பெண்ணுடையது. வீதிக்கு வந்ததும் அது ஆணுடையதாயிற்று. காமன் எரிந்தபின் ரதி புலம்புகிறாளே, அந்தப் புலம்பல் கேட்டுக் கண்ணீர் வடிக்காத தாய் உண்டா? ஆனால், சேலை கட்டி ரதியாக வந்தவன் ஓர் ஆண். கணவனை இழந்த பெண்ணின் துயரத்தைப் பாடுவதற்குக்கூடப் பெண்ணுக்கு இடமில்லை! தப்பு ஒலிக்கும் களரியின் ஓரத்திலே, தம்பியை இடுப்பில் சுமந்து நின்று வேடிக்கை பார்ப்பதே அவளுக்கு வாய்த்தது.

ஏன் இந்த நிலை? பெண்ணுக்குக் குரல் இல்லையா? திறன் இல்லையா? இரண்டும் இருந்தன. வாய்ப்புத்தான் இல்லை. 1945இல் நாட்டிலே இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பள்ளிகளோ தோட்ட நிர்வாகங்களின் கையிலேயே கிடந்தன. பெரும்பாலானவை ஐந்தாம் வகுப்போடு நின்றன. அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இல்தான். அந்த ஐந்து வகுப்பையும் பெண்பிள்ளை முழுமையாகக் கண்டாளா? தாய் மலைக்குப் போனால் கைக்குழந்தைக்குக் காவல் அவள். அடுப்புக்கும் அவள், தண்ணீர்க் குடத்துக்கும் அவள். பருவமெய்தினால் பள்ளி முடிந்தது. முதுகில் கூடை ஏறியது. “பொட்டைப் பிள்ளைக்குப் பாட்டு எதற்கு?” என்ற ஒரு சொல்லிலே எத்தனை குரல்கள் அடங்கின!

உழைப்பிலும் இதே ஓரவஞ்சனைதான். கொழுந்து பறித்து ஏற்றுமதிக்கு உயிரூட்டியவள் பெண். ஆயினும் ஆணுக்கு நிகரான நாட்கூலி அவளுக்குக் கிடைத்தது 1984இல். கூலியிலே குறைத்தவர்கள் கலையிலே நிறைத்துக் கொடுப்பார்களா?

வாய்ப்புக் கிடைத்த இடத்திலே பெண் என்ன செய்தாள் என்பதையும் பாருங்கள். டி. கே. பட்டம்மாள் 1929இல், பத்து வயதுச் சிறுமியாக, சென்னை மாநகராட்சி வானொலியிலே பாடினார். கொடுமுடியிலே ஏழைக் குடும்பத்தில் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் நாடக மேடையேறி இலங்கைத் தமிழரின் உள்ளத்தையும் கொள்ளைகொண்டார். அவ்வளவு தூரம் போவானேன்? நம் மலைநாட்டிலேயே கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் தொழிலாளர் கூட்டங்களிலே பாடினார். தாமே பாட்டுக் கட்டினார். அப்பாடல்களை 1940இல் நூலாகவும் வெளியிட்டார். துண்டுப் பிரசுரத்தைப் படிக்க அறியாத மக்களுக்கு அவர் குரலே பத்திரிகையாயிற்று. பெண் பாடினால் குடும்பம் கெடும் என்றார்களே! கெட்டதா? ஓர் இயக்கம் அல்லவா வளர்ந்தது!

நாம் இழந்தது கொஞ்சமன்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் கடல் கடந்த குடும்பங்களோடு பாட்டுகளும் போயின. 2014 அக்டோபர் 29ஆம் நாள், இதே ஹல்துமுல்லைப் பிரிவிலுள்ள கொஸ்லந்தை மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களை மூடியது. மண்ணுக்குள் போனவை உடல்கள் மட்டுமா? எழுதி வைக்காத பாட்டு, பாடியவரோடு மடிந்துபோகும். சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) ஊர் ஊராய்க் கேட்டுத் தொகுத்ததனால்தான் நம் பாடல்கள் சில நூலேறின. அவர் ஒருவரே எல்லாவற்றையும் சுமக்க முடியுமா?

ஆகவே நாம் கேட்பவை மூன்று. ஆசிரியர்களே! உங்கள் மாணவியர் ஒவ்வொருவரும் தத்தம் பாட்டியிடம் ஒரு பாட்டையேனும் கேட்டு எழுதி வரட்டும். இன்று கையடக்கத் தொலைபேசி இருக்கிறது, குரலையும் பதிந்து வைக்கட்டும். கூத்துக் கலைஞர்களே! ரதியின் புலம்பலைப் பெண்ணே பாடட்டும், தப்பும் அவள் கையில் ஏறட்டும். பெற்றோரே! இசை கற்க ஆசைப்படும் மகளைத் தடுக்காதீர்கள். யாழ்ப்பாணத்து மருதனார்மடத்திலும் மட்டக்களப்பிலும் இசைக்கென உயர்கல்வி நிலையங்கள் இருக்கின்றன. பதுளையிலிருந்து பேருந்துக் கட்டணம் பெரிதுதான். ஊர் கூடினால் அதுவும் பெரிதன்று. தேருக்கும் திருவிழாவுக்கும் தண்டல் கொடுக்கும் கைகள், ஒரு பெண்ணின் படிப்புக்கும் கொடுக்கட்டும்.

நம்மைத் தாலாட்டிய தாய்க்கு நாம் மேடை தரவில்லை. அந்தக் கடனை அவளுக்குத் திருப்பிக் கொடுக்க இயலாது. அவள் பேத்திக்குக் கொடுப்போம்.