பங்குப் பத்திரம் நம் கையில். சாவி யார் கையில்?

(நாகர்கோவிலில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட சங்க வகுப்பில் ஆற்றிய உரை)

தோழர்களே,

ஆரல்வாய்மொழிப் பக்கத்து நூற்பாலைகளில் இரவு ஷிப்டு முடித்து, தூக்கத்தை விட்டு வந்திருக்கும் தோழர்கள் இங்கே இருக்கிறீர்கள். தோவாளை, பூதப்பாண்டி, தேரூர் வயல்களிலிருந்து ஒரு நாள் கூலியை விட்டு வந்திருக்கும் தோழர்களும் இருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

2021 செப்டம்பரில் அமெரிக்காவின் போர்டு கம்பெனி, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப் போவதாக அறிவித்தது. சென்னைக்கு அருகே மறைமலைநகரில் இருந்த அதன் ஆலை 2022ல் உற்பத்தியை நிறுத்தியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். இப்படி ஓர் ஆலை மூடப்படும் போதெல்லாம் நம் வாலிபத் தோழர்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "முதலாளி வேண்டாமென்று போகிறான். மிஷின் இருக்கிறது, வேலை தெரிந்த கை இருக்கிறது. சங்கமே ஆலையை எடுத்து நடத்தினால் என்ன?"

இது நல்ல கேள்வி. இதைக் கேலி செய்கிறவன் தொழிலாளியின் திறமையில் நம்பிக்கை இல்லாதவன். ஆனால் ஆசையை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்லக் கூடாது. நடந்த காரியங்களைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

கிரைஸ்லரில் நடந்தது என்ன?

அமெரிக்காவின் மூன்று பெரிய கார் கம்பெனிகளில் ஒன்று கிரைஸ்லர். 2009 ஏப்ரல் 30ந் தேதி அது திவாலாகி நீதிமன்றத்துக்குப் போனது. அப்போது உலகமெங்கும் பத்திரிகைகள் ஒரு செய்தி போட்டன: "கிரைஸ்லரின் 55 சதவீதப் பங்கு இனி தொழிற்சங்கத்துக்கு!" கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். அமெரிக்காவிலா? கார் கம்பெனி தொழிலாளிக்குச் சொந்தமா?

உள்ளே போய்ப் பார்ப்போம். ஓய்வுபெற்ற தொழிலாளர்களின் மருத்துவச் செலவை ஏற்பதாக அந்தக் கம்பெனி ஒப்பந்தம் போட்டிருந்தது. 2007ல் அந்தப் பொறுப்பை ஒரு தனி அறக்கட்டளையிடம் தள்ளிவிட்டு, அதற்குப் பணம் தருவதாகச் சொன்னது. திவாலான சமயத்தில் கம்பெனி அந்த அறக்கட்டளைக்குத் தர வேண்டியிருந்த பாக்கி ஏறத்தாழ 880 கோடி டாலர். அதில் பாதியளவுக்குக் கடன் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். மீதிக்கு ரொக்கம் இல்லை; பங்கைப் பிடி என்றார்கள். கிழவர்களின் மருந்துச் செலவுக்குச் சேர வேண்டிய பணம், திவாலான கம்பெனியின் பங்குப் பத்திரமாக மாறியது. இதைத்தான் "தொழிலாளி முதலாளியாகிவிட்டான்" என்று எழுதினார்கள்.

சரி, 55 சதவீதம் இருக்கிறதே, அதிகாரமும் வந்ததா? ஒன்பது பேர் கொண்ட இயக்குநர் குழுவில் அந்த அறக்கட்டளைக்குக் கிடைத்தது ஒரே ஓர் இடம். இத்தாலியின் பியட் கம்பெனி ஒரு காசு ரொக்கம் போடவில்லை. தொழில்நுட்பம் தருகிறேன் என்று சொல்லி 20 சதவீதப் பங்கு வாங்கிக்கொண்டது. அதற்குக் கிடைத்த இடங்கள் மூன்று. நிர்வாகமும் அதன் கைக்கே போனது. சங்கமோ 2015 வரை வேலைநிறுத்தம் செய்வதில்லை என்று எழுதிக் கொடுத்தது. புதிதாகச் சேரும் தொழிலாளிக்கு மணிக்குச் சுமார் 14 டாலர். பக்கத்தில் நின்று அதே வேலை செய்யும் பழைய தொழிலாளிக்குச் சுமார் 28 டாலர். 2007 ஒப்பந்தத்தில் புகுந்த இந்த இரட்டைக் கூலி, "தொழிலாளி சொந்தக்காரன்" ஆன பிறகும் தொடர்ந்தது.

கடைசியில் 2014 ஜனவரியில் அறக்கட்டளையிடம் மிச்சமிருந்த 41 சதவீதத்துக்கும் அதிகமான பங்கைப் பியட் வாங்கிக்கொண்டது. விலை 365 கோடி டாலர். அது போகத் தவணைகளில் இன்னும் 70 கோடி. அந்த 365 கோடியில் 190 கோடி எங்கிருந்து வந்தது? கிரைஸ்லரின் சொந்தப் பெட்டியிலிருந்து! தொழிலாளி உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொண்டே, தொழிலாளியின் பங்கை விலைக்கு வாங்கி முடித்தார்கள்.

ஓய்வுபெற்றவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. மருத்துவ நிதிக்குப் பணம் வந்தது. ஆலையும் மூடப்படாமல் நின்றது. அது சிறிய விஷயமல்ல. ஆனால் அந்த ஐந்து வருஷமும் ஆலையை ஆண்டது தொழிலாளி அல்ல.

மடை யார் கையில்?

வயல் வேலை செய்யும் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஒருவனுக்கு வயல் பட்டா இருக்கிறது. மடையைத் திறக்கும் உரிமை வேறொருவனிடம் இருக்கிறது. களத்தில் நெல்லை அளக்கும் மரக்காலும் அவனிடமே இருக்கிறது. இப்போது வயல் யாருடையது? பட்டாவைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, கன்னிப்பூவும் போய்க் கும்பப்பூவும் போய், காய்ந்த வரப்பில் நிற்க வேண்டியதுதான். தொழிற்சாலையில் மடை என்பது இயக்குநர் குழு. மரக்கால் என்பது கணக்குப் புத்தகம். இந்த இரண்டும் கைக்கு வராத பங்கு, வெறும் காகிதம்.

நம் பக்கத்து மலையில் நடந்தது

"அது அமெரிக்கா" என்று நீங்கள் சொல்லலாம். மூணாறுக்கு வாருங்கள். ஒரு காலத்தில் நாமும் மூணாறும் ஒரே திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தோம். 1956 நவம்பர் 1ந் தேதி நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். மூணாறு கேரளத்தில் நின்றது. ஆனால் அந்தத் தேயிலைக் காட்டில் கொழுந்து கிள்ளும் பெண்களில் பெரும்பாலோர் நம் தமிழ்ப் பெண்களே.

அங்கே டாடா டீ கம்பெனி, தோட்டம் நடத்துவதிலிருந்து விலக முடிவு செய்தது. 2005ல் கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனி என்ற புதிய கம்பெனி உருவானது. பன்னீராயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களும் ஊழியர்களும் பங்குதாரர்கள் ஆனார்கள். பெரும்பான்மைப் பங்கு அவர்களுடையது. இந்தியாவிலேயே தொழிலாளிக்குச் சொந்தமான பெரிய தோட்டம் என்று புகழ் பரவியது.

பத்து வருஷம் கழித்து, 2015 செப்டம்பரில் என்ன நடந்தது? போனஸ் 10 சதவீதம்தான் என்று நிர்வாகம் சொன்னது. அன்று நாள் கூலி 232 ரூபாய். ஆயிரக்கணக்கான பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு மூணாறு வீதியில் உட்கார்ந்தார்கள். "பெண்பிள்ளை ஒருமை" என்று தங்கள் அணிக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒன்பது நாள் போராட்டத்துக்குப் பிறகு, போனஸ் 8.33 சதவீதம், கருணைத்தொகை 11.67 சதவீதம், ஆக 20 சதவீதம் பெற்றார்கள்.

சிந்தித்துப் பாருங்கள், தோழர்களே! அந்தப் பெண்கள் பங்குதாரர்கள். காகிதப்படி அவர்கள் சொந்தக்காரிகள். சொந்தக்காரி தன் சொந்தக் கம்பெனியிடம் போனஸ் வாங்க நடுத்தெருவில் உட்கார வேண்டியிருந்தது. பங்குப் பத்திரம் வாங்கித் தராததை ஒன்பது நாள் வேலைநிறுத்தம் வாங்கித் தந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களையும் கிட்டே சேர்க்கவில்லை, விரட்டினார்கள். எந்தக் கொடி என்று பார்த்து விரட்டவில்லை. சங்கம் நிர்வாகத்தோடு ஒட்டிவிட்டது என்ற கோபம் அது. இதைக் கேட்டு நாம் மனம் புண்பட்டால் போதாது, திருந்தவும் வேண்டும். ஆலை நம்முடையதே ஆனாலும், கூலி கேட்கும் தொழிலாளியின் பக்கத்தில் சங்கம் நிற்க வேண்டும். கீரிப்பாறை அரசு ரப்பர் தோட்டத்தைப் பாருங்கள். சர்க்காருக்குச் சொந்தமான தோட்டம்தான். இருந்தாலும் கூலி உயர்வுக்காகப் பால்வடிக்கும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டித்தான் வந்தது.

ஆகவே முடியவே முடியாதா?

முடியும். முடிந்திருக்கிறது. 1957ல் காப்பி போர்டு தன் காப்பிக் கடைகளை மூடியபோது, தோழர் ஏ.கே.கோபாலன் தூண்டுதலில் ஊழியர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, தாங்களே கடை திறந்தார்கள். இந்தியன் காப்பி ஹவுஸ் இன்றும் நடக்கிறது.

பீடித் தொழிலாளர் சட்டம் 1966ல் வந்தது. அதை அமல்படுத்த நேர்ந்ததும், கண்ணூரில் மங்களூர் பீடி முதலாளிகள் கடையைக் கட்டினார்கள். சுமார் 12,000 தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1969ல் சர்க்கார் கடனுதவியோடு தினேஷ் பீடிக் கூட்டுறவு பிறந்தது. பிற்காலத்தில் 40,000க்கும் மேற்பட்டவர்களுக்கு அது வேலை கொடுத்தது. அங்கே ஆரம்பச் சங்கங்களின் இயக்குநர்களைத் தொழிலாளர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். பீடிக்குக் கிராக்கி குறைந்தபோது குடை, துணி, உணவுப் பண்டம் என்று வேறு தொழிலிலும் இறங்கினார்கள். ஆட்கள் குறைந்தார்கள், ஆனால் ஸ்தாபனம் அழியவில்லை. மடையும் மரக்காலும் அங்கே தொழிலாளியின் கையில் இருந்தன.

ஆனால் சாவி கைக்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைத்துவிடக் கூடாது. பம்பாய் குர்லாவில் செம்பு, பித்தளைக் குழாய் செய்த கமானி டியூப்ஸ் 1985ல் நின்றது. தொழிலாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1988ல் ஆலையைத் தொழிலாளர் கூட்டுறவே நடத்த அனுமதி கிடைத்தது. 1989ல் மீண்டும் மிஷின் ஓடியது. சுமார் 600 தொழிலாளர்களின் சாதனை அது! ஆனால் சில வருஷங்களில், செம்பு வாங்கக் கையில் போதிய மூலதனம் இல்லாமல் ஆலை மீண்டும் நொடித்தது. கடன் கொடுக்கும் பாங்கும், சரக்கு விற்கும் சந்தையும் முதலாளிகள் கையில் இருக்கும்வரை, ஒரு தனி ஆலை கடலில் ஒற்றைக் கட்டுமரம் போலத்தான். சர்க்காரின் ஆதரவும் மற்றத் தொழிலாளர்களின் ஆதரவும் அதற்கு வேண்டும்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

நாளை உங்கள் ஆலையில் நிர்வாகம் வந்து, "பாக்கியைக் கேட்காதீர்கள், பங்கு தருகிறோம்" என்று சொல்லலாம். அப்போது மயங்கவும் வேண்டாம், மறுத்துவிட்டு ஓடவும் வேண்டாம். ஐந்து கேள்வி கேளுங்கள்.

முதலாவது, பங்குக்குத் தக்க வாக்கும் இயக்குநர் குழுவில் இடமும் உண்டா? இரண்டாவது, கணக்குப் புத்தகம் சங்கத்துக்குத் திறக்குமா? மூன்றாவது, வேலைநிறுத்த உரிமை நம்மிடம் இருக்குமா? நான்காவது, புதிதாக வருகிறவனுக்கும் அதே கூலி உண்டா? ஐந்தாவது, பிராவிடண்டு பண்டும் கிராஜுவிட்டியும் தனியே பத்திரமாக இருக்குமா, அல்லது அவற்றைத்தான் பங்காக மாற்றுகிறார்களா?

ஐந்துக்கும் சரியான பதில் வந்தால், உட்கார்ந்து யோசிக்கலாம். வராவிட்டால் அவர்கள் தருவது சொத்தல்ல. நஷ்டத்தில் நமக்குப் பங்கு.

கிரைஸ்லரின் பிற்பாட்டைச் சொல்லி முடிக்கிறேன். அந்தக் கம்பெனி 2021 முதல் ஸ்டெல்லாண்டிஸ் என்ற பெரிய கம்பெனிக்குள் இருக்கிறது. தொழிலாளிக்கு அதில் அந்தப் பழைய 55 சதவீதம் கிடையாது. ஆனால் 2023 செப்டம்பரில் அதே சங்கம், மூன்று கார் கம்பெனிகளிலும் ஒரே சமயத்தில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஆறு வாரம் நின்று, நாலரை வருஷ ஒப்பந்தத்தில் 25 சதவீத ஊதிய உயர்வு பெற்றது. புதியவர்கள் முழுக் கூலியை எட்டும் காலத்தையும் வெகுவாகக் குறைத்தது. ஸ்டெல்லாண்டிஸ் நிறுத்தி வைத்திருந்த இல்லினாய் மாநிலத்து ஆலையை மீண்டும் திறக்கவும் ஒப்புக்கொள்ள வைத்தது.

55 சதவீதப் பங்கு இருந்தபோது அழியாத இரட்டைக் கூலியை, ஒரு சதவீதப் பங்கும் இல்லாதபோது ஒற்றுமை ஆட்டியது. ஆலையைச் சொந்தமாக்கும் நாளுக்கு நாம் தயாராக வேண்டும்; அதற்குக் கணக்குப் படிக்கவும், நிர்வாகம் கற்கவும் வேண்டும். அந்த நாளுக்கு முன்னும் சரி, பின்னும் சரி, சங்கத்தை மட்டும் எந்தப் பத்திரத்துக்கும் அடகு வைத்துவிடாதீர்கள்.