உண்ணிக்குச்சியில் ஒரு நாற்காலி
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மரச்சாமான் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது தேக்கும் ஈட்டியும்தான். நான் பேச வந்திருப்பது நீலகிரியில் ஒருவரும் மதிக்காத உண்ணிச்செடியைப் பற்றி. முதுமலை வழியாக ஊட்டிக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். சாலையோரம் மஞ்சளும் ரோஸுமாகப் பூத்துக் கிடக்கும். அமெரிக்க வெப்பமண்டலச் செடி. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் அழகுக்காகக் கொண்டுவந்தது, இன்று புல் முளைக்க இடம் விடாமல் காட்டை அடைத்துவிட்டது. யானைக்கும் மானுக்கும் தீனி குறைந்துபோனது.

இந்தச் செடியைத்தான் கூடலூர்ப் பகுதியில் பணியர், பெட்டகுரும்பர், காட்டுநாயக்கர் மக்கள் வெட்டி யானைச் சிற்பங்களாகச் செய்கிறார்கள். 2021-ல் லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024-ல் நியூபோர்ட்டில் தொடங்கி 100 யானைகள் அமெரிக்காவில் ஊர் ஊராகப் போயின. யானைக்குக் கிடைத்த பேர், அதே குச்சியில் செய்யும் நாற்காலிக்கும் மோடாவுக்கும் கிடைக்கவில்லை என்பது என் குறை.

குச்சியைத் தண்ணீரில் நன்றாக வேகவைக்கிறார்கள். பட்டை இளகிவிடும், பூச்சியும் சாகும். பட்டையை உரித்து, சூடு ஆறுவதற்குள் வளைக்க வேண்டும். ஆறிவிட்டால் ஒடியும். கனமான தண்டு காலுக்கு, மெல்லியது முதுகுக்கு, பிளந்த நார் மூட்டைச் சுற்றிக் கட்ட.

பொறியியல் படித்த நமக்கு ஆங்கிள் என்றால் அளவு, எடை எல்லாம் அட்டவணையில் இருக்கும். அங்கே ஒரு குச்சி மாதிரி இன்னொன்று கிடையாது. ஒன்றில் கணு, ஒன்றில் கோணல். கையில் எடுத்து லேசாக வளைத்துப் பார்த்தே, "இது காலுக்கு ஆகாது" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நாம் லேபில் மெஷின் வைத்துச் செய்யும் வேலை அது! நாலு காலும் தரையில் சமமாக உட்காருகிறது. எனக்கு அதுதான் ஆச்சரியம்.

இவ்வளவுக்கும் வாங்க வருகிறவர்கள் கேட்பது, "காட்டுல சும்மா கெடைக்கிற குச்சிக்கு இவ்வளவு விலையா?" சும்மா கிடைப்பதனால்தான் ஐயா, நீங்கள் கொடுக்கிற பணத்தில் பெரும்பகுதி கைவேலைக்குப் போகிறது. தேக்கு நாற்காலியில் பேரம் பேசினால் மர வியாபாரிக்கும் கொஞ்சம் குறையும். இங்கே குறைவது வெட்டிச் சுமந்து, வேகவைத்து, வளைத்தவருடைய கூலி.

நாற்காலி செய்தே உண்ணிச்செடியை ஒழித்துவிடலாம் என்று சிலர் பேசுகிறார்கள். நான் நம்பவில்லை. வெட்டினால் அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். வேரோடு பிடுங்க வேண்டும், அது தனி வேலை.

வாங்குகிறவர்கள் நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். மேலே வார்னிஷ் பளபளப்பு எல்லாவற்றிலும் இருக்கும். அடியில் நார்க்கட்டு இறுக்கமாக இருக்கிறதா, ஆணி அடித்த இடத்தில் குச்சி பிளந்திருக்கிறதா, அதைப் பார்க்க வேண்டும். ஈரம் காயாத குச்சியில் செய்திருந்தால் சமவெளிச் சூட்டில் சுருங்கிக் கட்டு தளரும்.

மோடா ஒன்று கொண்டுவந்திருக்கிறேன். டீ இடைவேளையில் வராந்தாவில் இருக்கும். மெக்கானிக்கல் தம்பிகள் ஏறி நின்றே பார்க்கலாம்.