புலியின் உறுமலும் சட்டப் புத்தகமும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'எதிர்க்கட்சிக் குரல்: நாடாளுமன்றத்தில் பேசும் கலை'. நான் எடுத்துக்கொண்ட மனிதர், ஜெலுத்தோங் புலி என்று நாடறிந்த அமரர் கர்ப்பால் சிங்.

ஒரு குற்ற ஒப்புதலோடு தொடங்குகிறேன். 2008 ஏப்ரல் 30ஆம் தேதி நமது நாடாளுமன்றக் கேள்வி நேரம் ஆர்.டி.எம்.மில் நேரலையாக வந்தது. அப்போது நான் ஊடகத்துறை டிப்ளோமா மாணவன். விடுதியில் கூட்டமாக உட்கார்ந்து பார்த்தோம். அவையில் ஒரே அமளி. சக்கர நாற்காலியில் இருந்த கர்ப்பால், சபாவைச் சேர்ந்த ஆளுங்கட்சி உறுப்பினரை 'பிக்ஃபுட்' என்றார். பதிலுக்கு அவர் கர்ப்பாலைக் 'குரங்கு' என்றார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். மறுநாள் வகுப்பில் விரிவுரையாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சண்டை எதைப் பற்றி?" ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

சண்டை அரசியல் சாசனத்தைப் பற்றியது, நேயர்களே! உறுப்பினர்கள் எடுத்த பதவிப் பிரமாணம் முறைப்படி செல்லுமா என்று அவர் கேட்டிருந்தார். பிரமாணம் எடுக்காமல் எந்த உறுப்பினரும் இருக்கையில் அமர முடியாது என்கிறது சாசனத்தின் 59ஆவது விதி. சபாநாயகர் அவருடைய வாதத்தை ஏற்கவில்லை. அது வேறு விஷயம். ஆனால் நாட்டு மக்களின் நினைவில் நின்றது குரங்கு மட்டும்தான். விதி நிற்கவில்லை.

1978 முதல் 1999 வரை ஜெலுத்தோங், 2004 முதல் 2014இல் மறையும் வரை புக்கிட் குளுகோர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மக்களவையில் ஒலித்த குரல் அது. அந்தப் பேச்சில் நான் மூன்று கூறுகளைக் காண்கிறேன்.

முதலாவது, ஒப்புக்கொண்டு வெட்டுவது. புலி என்ற பெயர் எப்படி வந்தது? அவையில் துன் சாமிவேலுவோடு, அன்றைய டத்தோ சாமிவேலுவோடு, காரசாரமான வாக்குவாதம். "நீங்கள் சிங்கமாகவே இருங்கள், நான் புலியாக இருக்கிறேன். மலேசியாவில்தான் சிங்கமே இல்லையே!" என்ற பொருளில் கர்ப்பால் பதில் சொன்னார். எண்ணிப் பாருங்கள். சிங் என்றாலே சிங்கம். தம் பெயரில் இருந்த சிங்கத்தையே எதிராளிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். கொடுத்த கையோடு, எல்லாருக்கும் தெரிந்த ஓர் உண்மையால் அதைக் கவிழ்த்தும் விட்டார். நம் நாட்டுச் சின்னத்தில் இரண்டு பக்கமும் நிற்பது புலிதானே! வசைச்சொல் ஒன்றுகூட இல்லை. குறுக்கு விசாரணை செய்யும் வழக்கறிஞரின் வழி இது. "சரி, நீங்கள் சொல்வதே உண்மை என்று வைத்துக்கொள்வோம்" என்று தொடங்கி, சாட்சியை அவர் சொல்லாலேயே மடக்குவது.

இரண்டாவது, விதியின் மேல் நின்று பேசுவது. ஆளுங்கட்சியிடம் எண்ணிக்கை இருக்கிறது. வாக்கெடுப்பில் அவர்களே வெல்வார்கள். எண்ணிக்கை இல்லாதவனுக்கு மிச்சம் இருப்பது அவை விதிகளும் சாசனமும்தான். கர்ப்பால் அடிக்கடி எழுந்து விதி எண்ணைச் சொல்லிக் கேட்டதற்குக் காரணம் அதுவே. அவைக்குள் எதை வேண்டுமானாலும் பேசலாம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது தவறு. 1971இல் செய்யப்பட்ட சாசனத் திருத்தத்திற்குப் பிறகு, நிந்தனைச் சட்டத்திற்கு முன் அவைச் சிறப்புரிமை காப்பாற்றாது. சபா உறுப்பினர் மார்க் கோடிங் 1978இல் மக்களவையில் ஆற்றிய உரைக்காகவே நீதிமன்றம் ஏறிக் குற்றவாளியானார். அவர் பேசியது என்ன தெரியுமா? சீன, தமிழ்ப் பள்ளிகளை மூட வேண்டும் என்பது! ஆக, அந்த எல்லைக்கோடு நமக்கும் சம்பந்தப்பட்டதுதான்.

மூன்றாவது, இடம் மாறினாலும் சொல் மாறாதது. கட்சித் தாவலை அவர் எப்போதும் எதிர்த்தார். 2008 தேர்தலுக்குப் பிறகு ஆளுங்கட்சி உறுப்பினர்களை இழுத்து ஆட்சி அமைக்கலாம் என்று அவருடைய கூட்டணியிலேயே பேச்சு எழுந்தபோதும் அதை எதிர்த்தார். சொந்த அணிக்கே சங்கடம். ஆனால் அதனால்தான் அவர் பேச்சுக்கு எடை கூடியது. அவர் கேட்ட தாவல் தடுப்புச் சட்டம் 2022இல் வந்தது. மரண தண்டனைக்கு எதிராக அவர் வாழ்நாள் முழுவதும் குரல் கொடுத்தார். கட்டாய மரண தண்டனை 2023இல் நீக்கப்பட்டது. இரண்டையும் பார்க்க அவர் இல்லை.

குறையே இல்லையா? இருந்தது. கோபத்தில் சொல் தடித்துவிடும். 2009இல் ஆளுங்கட்சி இளைஞர் பிரிவை 'செலாக்கா' என்று அவர் சாடியதும், நாடாளுமன்ற வளாகத்திலேயே அவருடைய சக்கர நாற்காலியை வழிமறித்தார்கள். மறித்தது பெருந்தவறு. ஆனாலும், வசைச்சொல் விழுந்த இடத்தில் வாதம் காணாமல் போனது என்பதும் உண்மை. அவைக்கு வெளியே பேசியதற்கும் விலை கொடுத்தார். பேராக் ஆட்சி நெருக்கடி பற்றிப் பத்திரிகையாளர்களிடம் சொன்ன கருத்துக்காக 2014இல் நிந்தனைக் குற்றத் தீர்ப்பு வந்தது. இரண்டு மாதங்களுக்குள் அவர் சாலை விபத்தில் மறைந்தார். கூட்டரசு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தபோது ஆண்டு 2019.

இன்று பள்ளி விவாத மேடைகளுக்கு நடுவராகப் போகிறேன். பிள்ளைகள் மேசையைத் தட்டுகிறார்கள், குரலை உயர்த்துகிறார்கள். "ஏன் தம்பி இப்படிக் கத்துகிறாய்?" என்றால், "எதிர்க்கட்சி ஐயா, அப்படித்தான் பேசணும்" என்று பதில் வருகிறது. இந்தப் பாடத்தை யார் கற்றுக் கொடுத்தது? நாங்கள்தான். ஒரு மணி நேர விவாதத்தில் பத்து விநாடி உறுமலை மட்டும் வெட்டி எடுத்து ஒளிபரப்பும் எங்கள் தொழில்தான். நானும் அப்படி வெட்டியிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்குப் புலியின் குரல் கிடைத்தது. புலி கையில் வைத்திருந்த புத்தகம் கிடைக்கவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நாடாளுமன்றச் சண்டை ஒன்று உங்கள் கைப்பேசிக்கு வந்தால், சிரியுங்கள், தவறில்லை. சிரித்துவிட்டு, "சண்டை எதைப் பற்றி?" என்று கேளுங்கள். அவை நடவடிக்கைக் குறிப்புகள் நாடாளுமன்ற அகப்பக்கத்தில் எவருக்கும் கிடைக்கின்றன. நாங்கள் காட்டாததை நீங்கள் படித்துவிட்டால், நாளை எங்களாலும் மறைக்க முடியாது.