பல் அடைத்த பிறகு வலித்தால்

(புத்தூரில் நடந்த தொழிலாளர் குடும்பச் சந்திப்பில் எமது சங்கத்தைச் சேர்ந்த தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



நேற்று வந்து இறங்கியதும் ஒரு ஐயா, "எங்கட தோட்டத்தைப் பார்க்க வாங்கோ" என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் நிற்கின்றன. எங்களுக்குத் தோட்டம் என்றால் தேயிலை மலை. ஆனால் இரண்டு தோட்டத்திலும் ஒரு விஷயம் ஒன்றுதான். வேலைக்குப் போகாத நாளுக்குக் காசு இல்லை. அதனால்தான் இன்றைக்குப் பல்லைப் பற்றிப் பேச நிற்கிறேன். நீங்கள் பல்லுக்கொதி என்கிறீர்கள், நாங்கள் பல்வலி என்கிறோம். வலி ஒன்றுதான்.

மூன்று வருடத்துக்கு முன் எனக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஆழமான குழி. ஓர் இடத்தில் போய் அடைத்துக்கொண்டேன். அடைத்தவர், "முடிந்தது, போகலாம்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த நாள் காலையில் பச்சைத் தண்ணீர் பட்டதும் உயிர் போய் வந்தது. சோற்றைக் கடித்தால் பல்லில் ஆணி அடித்த மாதிரி இருந்தது. பல்லைக் கெடுத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

எங்கள் லயத்தில் ஓர் அக்காவுக்கும் முன்பு இப்படித்தான் வந்தது. அவர், "திரும்பத் திரும்ப அலைய முடியாது டீச்சர், இன்னொரு பேரை இழக்க ஏலாது" என்று சொல்லி, ஒரேயடியாகப் பல்லைப் பிடுங்கிவிட்டார். நானும் பிடுங்கத்தான் போனேன். அங்கிருந்த பல் வைத்தியர் ஒரு நிறத் தாளைப் பல்லில் வைத்துக் கடிக்கச் சொன்னார். அடைப்பு கொஞ்சம் உயர்ந்து நின்றிருக்கிறது. அதைத் தேய்த்துச் சரி செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கடிக்கும் வலி அன்றே குறைந்தது. குளிர்ந்த தண்ணீர்க் கூச்சம் மூன்று கிழமையில் போனது. அந்தப் பல்லால்தான் இன்றும் சாப்பிடுகிறேன்.

அந்த அக்காவின் பல்லும் ஒருவேளை ஐந்து நிமிட வேலையாக இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியும்? அதனால்தான் இந்த வலியை எப்படி இனம் காண்பது என்று சொல்கிறேன்.

நேற்று நிலாவரைக் கிணற்றடியில் நின்றோம். இந்த ஊர்க்காரருக்குக் கிணற்றைச் சொன்னால் விளங்கும். மேலே செம்மண், கீழே சுண்ணாம்புக் கல், அதற்கும் கீழே தண்ணீர். பல்லும் மூன்று அடுக்கு. மேலே மிளிரி, அதுதான் வெள்ளையான கெட்டிப் பகுதி. அதன் கீழே கொஞ்சம் மஞ்சளான பகுதி. நடுவில் நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள மெதுவான பகுதி. சொத்தை ஆழமாகப் போனால், வைத்தியர் நரம்புக்குக் கிட்டவரை சுரண்டித்தான் அடைக்க வேண்டும். அப்போது நரம்பு கோபிக்கும். அந்தக் கோபம் அடங்கவும் செய்யலாம், முற்றவும் செய்யலாம். எது என்று வலியே சொல்லும்.

முதலாவது வகை: குளிர்ந்தது, இனிப்பு பட்டால் சுரீர் என்று வலித்து, சில வினாடியில் போய்விடும். நாள் போகப் போகக் குறையும். இது பெரும்பாலும் தானாக ஆறும். இரண்டு கிழமை முதல் நாலு கிழமை வரை பொறுக்கலாம். குறையாவிட்டால் போய்க் காட்டுங்கள்.

இரண்டாவது வகை: கடிக்கும்போது மட்டும் வலி. அடைத்த பல் மற்றப் பற்களுக்கு முந்தி முட்டுகிற மாதிரி இருக்கும். இதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. திரும்பிப் போய், "கடிக்கும்போது உயரமாக இருக்கிறது" என்று சொல்லுங்கள். தேய்த்து விடுவார்கள்.

மூன்றாவது வகை: ஒன்றும் படாமலே தானாக வலிக்கும். இரவில் படுத்தால் விண் விண் என்று தெறிக்கும். சூடான தேத்தண்ணி பட்டால் வலி பல நிமிடம் நிற்கும். இங்கே நரம்பு மீள முடியாமல் கெட்டிருக்கலாம். நாள் கடத்தக் கூடாது. உள்ளே கெட்டதை எடுத்துச் சுத்தம் செய்து அடைக்கும் வேர்ச் சிகிச்சை இருக்கிறது. அது முடியாவிட்டால்தான் பிடுங்குவது.

முகம் வீங்குவது, காய்ச்சல், சீழ், வாயைத் திறக்க முடியாமை, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டம் என்றால் விடியும் வரை பார்க்காதீர்கள். இரவென்றாலும் ஓட்டோ பிடியுங்கள்.

மருந்துக்கு வருவோம். பெரியவர்களுக்குப் பனடோல் 500 மில்லிகிராம் குளிசை ஒன்றோ இரண்டோ, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. ஒரு நாளில் 8 குளிசைக்கு மேல் கூடவே கூடாது. எங்கள் பெண்கள் பலர் 50 கிலோவுக்கும் குறைவு. அப்படியானவர்களும், ஈரல் நோய் உள்ளவர்களும், தினம் குடிப்பவர்களும் அளவைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். இபுபுறோபன் எல்லாருக்கும் ஒத்துவராது. கர்ப்பிணிகள், வயிற்றுப் புண், சிறுநீரக நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் கேட்காமல் எடுக்க வேண்டாம். காய்ச்சலும் இருந்து டெங்கு சந்தேகம் என்றால் தொடவே வேண்டாம்.

பாமசியில் நீங்களாக அன்டிபயோட்டிக் வாங்காதீர்கள். நரம்பு வலியை அது ஆற்றாது. அஸ்பிரின் குளிசையைப் பல்லடியில் வைத்தால் முரசு வெந்துபோகும். வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு கிளாஸில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள். முதல் நாள் மறுபக்கத்தால் சாப்பிடுங்கள். விறைப்பு ஊசி போட்டிருந்தால் விறைப்பு விடும்வரை எதையும் மெல்லாதீர்கள், கன்னம் கடிபடும்.

இன்னொன்று. வலி மரத்துப்போக வெற்றிலையும் புகையிலையும் பல்லோடு ஒதுக்கி வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. இந்தச் செம்மண்ணில் விளைகிற புகையிலைதான் எங்கள் லயத்து வெற்றிலைத் தட்டுக்கும் வருகிறது. விளைவிப்பவரைக் குறை சொல்லவில்லை, அது அவர் சோறு. ஆனால் புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியது. பல்வலிக்கு அது மருந்து அல்ல.

இனிச் சங்க வேலை. நம் ஆட்கள் பல்லைப் பிடுங்குவது அறியாமையால் மட்டும் அல்ல. பிடுங்கினால் ஒரு நாள், காப்பாற்றினால் இரண்டு மூன்று நாள். அந்த நாள்களின் பேர்தான் பல்லின் விலை. அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம், ஆனால் அங்கே போகிற நாள் இலவசம் இல்லை. ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் நிர்வாகத்திடம் ஒன்றைக் கேட்க வேண்டும்: கிளினிக் துண்டைக் காட்டினால் இரண்டாம் தடவை போகும் நாளுக்கும் பேர் வெட்டக் கூடாது, அரைப்பேராவது தர வேண்டும். புத்தூர்த் தோழர்களே, உங்கள் கூலிக்கு எழுதிய ஒப்பந்தமே இல்லை என்றீர்கள். அப்படியென்றால் பத்துப் பேராகச் சேர்ந்து காணிக்காரரிடம் கேளுங்கள்.

பிள்ளைகளை மறக்க வேண்டாம். 3 வயது முதல் 13 வயது வரையான பிள்ளைகளைப் பாடசாலைப் பல் சிகிச்சை நிலையங்களில் பார்க்கிறார்கள். சின்னக் குழியை அன்றே அடைத்தால் ஆழக் குழியே வராது.

கடைசியாக, பல் அடைத்துக் கதிரையை விட்டு எழும்பு முன் நாலு கேள்வி கேளுங்கள். குழி எவ்வளவு ஆழம்? இது நிரந்தர அடைப்பா, தற்காலிகமா? எத்தனை நாள் வலிக்கலாம்? எப்போது திரும்பி வர வேண்டும்? கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். கொழுந்து நிறுக்கும்போது தராசைப் பார்த்துக் கணக்குக் கேட்கிறோம்தானே? நம் வாய்க்குள் நடப்பதற்கும் கேட்போம்.