புதிய காரும் கிரான் வீதியும்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை நோக்கிச் செல்லும் ஏ-15 நெடுஞ்சாலையிற் சந்திவெளியைக் கடந்தாற் கிரான் வரும். அங்கே பெருவீதியை விட்டு மேற்கே திரும்பினால் புலிபாய்ந்தகல் செல்லும் வழியை அடையலாம். வயலும் நீரும் சூழ்ந்த அவ்வழி, வடகீழ்ப் பருவமழை மிகும் நாட்களில் வெள்ளத்துள் மூழ்கிவிடுவதுண்டு. அக்காலத்தில் அப்பாலுள்ள மக்களுக்குப் படகும் உழவு இயந்திரமுமே துணை.

புதிய கார்களை ஓட்டிப் பார்த்து மதிப்புரை எழுதும் பத்திரிகையாளரைப் பற்றிப் பேச வந்தவர் கிரானிலிருந்து தொடங்குவானேன் என்று நீங்கள் வினவலாம். அவர் யாருக்காக எழுதுகின்றார் என்பதை அந்தத் திருப்பத்தில் நின்று பார்த்தால் நன்கு விளங்கும். ஆதலினாலேயே அங்கு தொடங்கினேன்.

இத்தொழிலைப் பலர் பொறாமையோடு நோக்குவர். பிறர் காசில் புதுக் கார் ஓட்டுவதும் ஒரு வேலையா என்பர். ஆனால் அவரது நாள் விடியுமுன்பே தொடங்கிவிடுகின்றது. காலையின் சாய்ந்த ஒளியிலேதான் காரின் உருவம் நிழற்படத்தில் நன்கு அமையும். பின்னர் எரிபொருட் கலத்தை நிரப்பி நெடுந்தூரம் ஓடி, மீண்டும் நிரப்பி, லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று கணக்கிடுவார். ஒரே வேகத்திலிருந்து பலமுறை பிரேக்கை அழுத்தி, வண்டி நிற்கும் தூரத்தை அளப்பார். பின்னாசனத்தில் தாமே அமர்ந்து முழங்காலுக்கு இடமுண்டா என்று பார்ப்பார். இவ்வளவையும் குறிப்பேட்டிற் பதிந்து, இரவில் எழுத உட்காருவார்.

இக்கலைக்கு நீண்ட வரலாறு உண்டு. இங்கிலாந்தில் 1895ஆம் ஆண்டு ‘ஆட்டோகார்’ என்னும் சஞ்சிகை தோன்றியது. 1928இல் அது ஆஸ்டின் செவன் என்ற சிறிய காரை முறைப்படி ஓட்டி, அளந்து, கண்டதை வெளியிட்டது. அதன்பின் உலகெங்கும் இம்முறை பரவிற்று.

இத்தொழிலின் உண்மையான இடர் வேறிடத்தில் உளது. புதிய காரை வெளியிடும் நிறுவனமே பல வேளைகளில் எழுத்தாளரை அழைக்கின்றது. பயணச்சீட்டும் விடுதியும் விருந்தும் தருகின்றது. பழுதற்ற வண்டியொன்றைத் தெரிந்து, பழுதற்ற வீதியில் ஓடவிடுகின்றது. சஞ்சிகைக்கு விளம்பரம் கொடுப்பதும் அதுவே. ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்று கற்று வளர்ந்தவருக்கு இது பெருஞ் சோதனை. ஆயினும் அவருக்கு உப்பிட்டவர் யார்? அவர் சொல்லை நம்பிக் காசு கொடுக்கும் வாசகரன்றோ?

இச்சோதனைக்கு அமெரிக்காவில் ஒரு வழி கண்டனர். 1936இல் அமைந்த நுகர்வோர் சங்கமொன்று, தன் சஞ்சிகையில் விளம்பரம் ஏற்பதில்லை. பரிசோதிக்கும் கார்களைத் தன் பெயர் சொல்லாமற் கடைக்குச் சென்று விலைக்கே வாங்குகின்றது.

நேர்மையான பரிசோதனை என்ன செய்யும் என்பதை 1997 ஒக்டோபரில் உலகம் கண்டது. சுவீடன் நாட்டு வீதிகளில் கடமான் திடீரெனக் குறுக்கிடும். அதனை விலக்கித் திரும்புவது போல வண்டியைச் சட்டென வளைத்து ஓட்டிப் பார்ப்பது அந்நாட்டுச் சஞ்சிகையொன்றின் வழக்கம். அவ்வாறு ஓட்டியபோது மெர்சிடிஸ் நிறுவனத்தின் புதிய ‘ஏ’ வகைக் கார் கவிழ்ந்தது. நிறுவனம் முதலில் மறுத்துரைத்தது. பின்னர் விநியோகத்தை நிறுத்தி, வண்டி சறுக்காது காக்கும் மின்னணுக் கருவியை அவ்வகைக் கார்கள் அனைத்திலும் பொருத்தியது. 2014 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திற் புதிய கார்கள் யாவற்றுக்கும் அத்தகைய கருவி கட்டாயமாயிற்று. தம் நாட்டு வீதியில் நேரும் ஆபத்தை மனத்திற் கொண்டு செய்த பரிசோதனையே இவ்வளவுக்கும் காரணம்.

அவர்களுக்குக் கடமான் எப்படியோ, கிரான் மக்களுக்கு வெள்ளம் அப்படி. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்தது. வரியோடு கூடிய விலையோ ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பை விழுங்க வல்லது. பிறநாட்டு நெடுஞ்சாலையில் ஒரு பகல் ஓட்டி எழுதிய புகழுரையை மட்டும் நம்பி அப்பணத்தைக் கொடுக்கலாமா?

எஞ்சினுக்குக் காற்று புகும் வாய் எவ்வளவு உயரத்தில் உள்ளது என்று எழுத்தாளர் சொன்னாரா? அதன் வழியே நீர் புகுந்தால், காற்றைப் போல் அது அமுங்காது. எஞ்சினின் உள்ளுறுப்பு வளைந்துவிடும். பெற்றோலோடு மின்சாரத்தாலும் ஓடும் கார் சிலவற்றில், பற்றரியைக் குளிர்விக்கும் காற்றுத் துளை பின்னாசனத்தின் அருகே இருக்கும். செம்மண் புழுதி அதனை அடைத்தால் பற்றரி சூடேறிக் கெடும். ஐவர் ஏறி, நெல் மூட்டையும் ஏற்றினால் அடித்தளம் வீதியில் உரசுமா? இவற்றைச் சொல்லாத மதிப்புரை நமக்குப் பாதி மதிப்புரையே.

ஆதலின் நேயர்களே, மதிப்புரையைப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வண்டியைக் கொடுத்தவர் யார்? ஓடிய வீதி எது? ஓடிய நாட்கள் எத்தனை? இம்மூன்றையும் தாமே முன்வந்து சொல்லும் எழுத்தாளரை நம்பலாம். அத்தகையவர் ஒருவர் மாரிகாலத்தில் ஒரு நாள் கிரான் சந்தியில் மேற்கே திரும்பி, நீர் நிற்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, இதற்கு மேல் இக்கார் செல்லாது என்று எழுதுவாராயின், கார் வாங்க எண்ணியுள்ள ஒரு குடும்பத்திற்கு அவ்வொரு வரி பேருதவியாகும்.