காமிராவை ஏசுவதற்கு முன்...

(திருக்கோவிலூரில் வியாபாரிகளும் வாலிபர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இந்தக் கூட்டத்திற்குத் தம்பிகள் முதலில் எழுதிக் கொடுத்த தலைப்பு வேறு. 'காமிரா வைத்துக் காசு பறிக்கும் அரசைக் கண்டித்து' என்று நோட்டீஸ் அடிக்கச் சொன்னார்கள். அச்சகத்திற்குப் போகும் முன் அதை நிறுத்தி வைத்தவன் நான்தான். ஏன் நிறுத்தினேன் என்பதைச் சொல்லத்தான் இப்போது உங்கள் முன் நிற்கிறேன். உங்கள் கோபத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லப் போவதில்லை. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் பதினேழு வயதுப் பிள்ளையின் மையித்தைக் குளிப்பாட்ட என்னை அழைத்தார்கள். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காதீர்கள். கழுத்துக்குக் கீழே ஒரு கீறல் கிடையாது. அடி முழுவதும் தலையில். பஞ்சும் துணியும் வைத்துக் கட்டிக் கட்டித்தான் குளிப்பாட்ட முடிந்தது. வெளியே வந்ததும் அந்தப் பிள்ளையின் அத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஹஜ்ரத், ஹெல்மெட் பீரோ மேலதான் இருக்கு. புதுசு. அட்டைப் பெட்டிகூடப் பிரிக்கல" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

பைக்கை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். லைசென்ஸ் எடுக்கும் வயது பிள்ளைக்கு வரவில்லை என்று அவருக்கும் தெரியும், மஹல்லாவுக்கும் தெரியும். எனக்கும் தெரியும் சகோதரர்களே! அதே வண்டியில் பின்னால் உட்கார்ந்து நானே ஒரு நாள் பஸ் நிலையத்திற்குப் போயிருக்கிறேன். 'சீக்கிரம் போப்பா, பஸ் போயிடும்' என்று சொல்லியும் இருக்கிறேன். அதனால்தான் அந்த நோட்டீஸை அடிக்க எனக்குக் கை வரவில்லை.

நம் மாவட்டம் 2024 ஜூனில் கருணாபுரத்தில் கள்ளச்சாராயத்திற்கு அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொடுத்தது. நாடே திரும்பிப் பார்த்தது. அமைச்சர்கள் வந்தார்கள், அதிகாரிகள் மாற்றப்பட்டார்கள், சட்டமன்றம் அமளியானது. நியாயம்தான். ஆனால் 2023 என்ற ஒரே ஆண்டில் தமிழ்நாட்டின் சாலைகளில் இறந்தவர்கள் 18,347 பேர். நாள் ஒன்றுக்கு ஐம்பது பேர்! கருணாபுரத்தின் எண்ணிக்கையை நம் சாலைகள் இரண்டே நாளில் தொட்டுவிடுகின்றன. யார் திரும்பிப் பார்த்தார்கள்? விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு இந்தியாவிலேயே முதலிடம் நமக்கு, 67,213. ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 2022-இல் நாடு முழுவதும் ஐம்பதாயிரத்துக்கும் மேல். அதில் பதினான்காயிரத்துக்கும் அதிகமானோர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். என்னைப் போல!

சரி, காமிரா எங்கிருந்து வந்தது? ஏதோ ஒரு மந்திரி பணம் பிடுங்கக் கண்டுபிடித்தது என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறோம். விஷயம் அப்படி இல்லை. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவைச் சிகிச்சை மருத்துவர் எஸ். ராஜசேகரன், நொறுங்கிய எலும்புகளை நாள் தவறாமல் பார்த்துப் பார்த்து, 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அந்த வழக்கில்தான் 2014-இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு வந்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, மின்னணுக் கருவிகளால் கண்காணிக்கச் சொல்லும் 136-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். 2021 ஆகஸ்டில் அதற்கான 167-ஏ விதி வந்தது. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 'இதை ஏன் இன்னும் நடைமுறைப்படுத்தவில்லை?' என்று மாநிலங்களைக் கேட்டது. முதலில் கணக்குக் கேட்கப்பட்ட ஐந்தில் நம் மாநிலமும் ஒன்று. ஒரு தமிழ் மருத்துவரின் வேதனையில் தொடங்கிய வழக்கு இது. இதை 'வழிப்பறி' என்று ஒரே வார்த்தையில் ஏசிவிட்டுப் போக முடியுமா?

கேரளத்தில் 2023 ஜூன் 5 முதல் 726 காமிராக்களை இயக்கினார்கள். ஒப்பந்தத்தில் ஊழல் என்று எதிர்க்கட்சித் தலைவர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். பைக்கில் கணவன், மனைவி, நடுவில் பச்சைக் குழந்தை. மூன்று பேர் என்று அபராதமா என ஏழைகள் கொதித்தார்கள். கார் வாங்க வழியில்லாதவன் பிள்ளையை எங்கே வைப்பான்? அந்தக் கேள்விக்கு அங்கே அரசு இறங்கி வந்தது. குழந்தைக்கு அபராதம் இப்போது இல்லை என்றது. பலன் என்ன என்று பார்த்தால், விபத்துகளின் எண்ணிக்கை 2022-ஐவிட 2023-இல் கூடியது, ஆனால் சாவு 4,317-லிருந்து 4,080 ஆகக் குறைந்தது. காமிரா மட்டும்தான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் விழுந்தவன் தலையில் ஹெல்மெட் இருந்தால் எழுந்து நிற்க வாய்ப்பு உண்டு என்பதற்கு மேதாவித்தனம் தேவையில்லை.

இந்தக் கூட்டத்தில் சவூதியிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர்? கை தூக்குங்கள். மாஷா அல்லாஹ்! அங்கே 2010-இல் 'சாஹிர்' என்று தானியங்கிக் காமிராக்களைக் கொண்டுவந்தபோது அவர்களும் முணுமுணுத்தார்கள், காமிரா வண்டிகளைத் தாக்கவும் செய்தார்கள். 2016-இல் ஒன்பதாயிரத்தைத் தாண்டியிருந்த சாலைச் சாவுகள் அதற்குப் பின் ஏறத்தாழப் பாதியாகின. ரியாத்தில் சாஹிர் பளிச்சென்று அடித்தால் ஒரு வாரச் சம்பளம் போய்விடுமே என்று பெல்ட் போட்டவர் நீங்கள்தானே? விமானம் சென்னையில் இறங்கியதும் அந்த பெல்ட் எங்கே போயிற்று பாய்?

இப்போது உங்கள் பக்கத்து நியாயத்திற்கு வருகிறேன்.

காமிரா என்றால் நம் வாலிபன் அஞ்சுவது ஆயிரம் ரூபாய்க்காக மட்டும் இல்லை. கோவைக் கோட்டைமேட்டில் சொந்தத் தெருவுக்குள் போகவே சோதனைச் சாவடியில் நின்று பதில் சொன்ன சமுதாயம் இது. ஹைதராபாத்தில் கொரோனா காலத்தில் தெருவில் நிறுத்திப் போலீஸ் படம் எடுத்ததால், ஒரு சமூக ஆர்வலர் முக அடையாளக் காமிராக்களை எதிர்த்துத் தெலங்கானா உயர் நீதிமன்றத்தில் வழக்கே போட்டார். இந்த அச்சத்தை 'சும்மா இரு' என்று அடக்க நான் தயாரில்லை. தனிமனிதனின் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் ஒன்பது நீதிபதிகள் சொன்ன நாடு இது. ஆகவே நாம் கேட்க வேண்டியது 'காமிரா வேண்டாம்' என்பதல்ல. வண்டியைப் பார்க்க வைத்த காமிரா வண்டியை மட்டும் பார்க்கட்டும். அந்தப் படம் வேறு கைக்குப் போகக் கூடாது என்பதுதான். 167-ஏ விதி வந்தபோதே, காமிரா இருக்கும் இடத்திற்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும், கருவிக்குச் சான்றிதழ் வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், நோட்டீஸ் பதினைந்து நாளுக்குள் வர வேண்டும் என்று சொன்னது. கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தவருக்கு, அவர் போகவே போகாத ஊரில் ஹெல்மெட் இல்லாமல் போனதாக எஸ்.எம்.எஸ். வந்த கதையை இங்கே பலர் சொன்னீர்கள். படத்தைக் காட்டச் சொல்லுங்கள். நம்பர் உங்களுடையதா, வண்டி உங்களுடையதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதிக் கொடுத்து மறுங்கள். பயந்துகொண்டு கட்டிவிட்டு அப்புறம் அரசை ஏசிப் பயன் என்ன?

இன்னொன்றும் கேட்க வேண்டும். அபராதம் வாங்கும் அரசு ரோட்டை ஒழுங்காகப் போட்டதா? சேலம் - உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலை நம் மாவட்டத்தின் குறுக்கே போகிறது. நான்குவழிச் சாலை என்று போட்டார்கள். ஊர்களைச் சுற்றிப் போகும் பைபாஸ்களை இருவழியாகவே விட்டுவிட்டார்கள். நான்குவழியில் பறந்து வந்தவன் திடீரென்று எதிர் லாரிக்கு நேராக நின்றான்! அங்கே போன உயிர்களுக்கு எந்தக் காமிரா பதில் சொல்லும்? தொலைதூர ஈராக்கில் ஒரு கோவேறு கழுதை இடறி விழுந்தாலும் பாதையை ஏன் சீராக்கவில்லை என்று தன்னிடம் கேட்கப்படுமே என உமர் (ரலி) அஞ்சினார்கள் என்று நாம் மேடைதோறும் சொல்கிறோம். அதை நெடுஞ்சாலைத் துறைக்கு யார் போய்ச் சொல்வது?

மதரஸாவில் ஓதும்போது ஹிதாயா கிதாபில் ஒரு பாடம் வரும். சவாரிப் பிராணி ஒருவனை மிதித்துவிட்டால் யார் பொறுப்பு என்ற பாடம். அந்த வயதில் எனக்குச் சிரிப்பாக இருந்தது, கழுதைக்கு இவ்வளவு சட்டமா என்று. சட்டம் இதுதான்: போய்க்கொண்டிருக்கும் பிராணி முன்னால் மிதித்தால் ஏறியவன் பொறுப்பு, ஏனென்றால் அவன் தடுத்திருக்க முடியும். பின்னங்காலால் உதைத்தால் பொறுப்பில்லை, அது அவன் கையில் இல்லை. ஆனால் பாதையில் அதை நிறுத்தி வைத்திருந்தான் என்றால் பின்னங்கால் உதைக்கும் அவனே பொறுப்பு! நிறுத்தாமல் இருந்திருக்கலாமே?

எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன அந்த இமாம், இரவில் கடலூர் - சித்தூர் ரோட்டில் பின்விளக்கு இல்லாமல் நிற்கும் லோடு வண்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னது போலிருக்கிறது. பெரியசெவலைக்கும் மூங்கில்துறைப்பட்டுக்கும் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் பழுதாகி நின்றால், பின்னால் நாலு கல்லை வைத்துவிட்டு டிரைவர் டீ குடிக்கப் போய்விடுகிறார். பௌர்ணமி இரவில் திருவண்ணாமலைக்குப் போகும் கூட்டம் அதே ரோட்டில் வருகிறது. வியாபாரிகளே, சரக்கு இறக்க உங்கள் கடை வாசலில் நிற்கும் வண்டியும் இந்தக் கணக்கில்தான் வரும். ஒரு சிவப்புப் பிரதிபலிப்பு ஸ்டிக்கர் என்ன விலை? உங்கள் கடையிலேயே விற்கிறீர்கள்!

வியாபாரிகளுக்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். கடைப் பையனுக்கு வயது பதினாறு. 'டேய், இந்த மூட்டையைக் கொண்டுபோய்ப் போட்டுட்டு வா' என்று சாவியைத் தூக்கிப் போடுகிறீர்கள். 2019 திருத்தத்தின்படி அவன் விபத்தில் சிக்கினால் குற்றவாளி வண்டிக்காரரான நீங்கள். மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், ஓராண்டு வண்டிப் பதிவு ரத்து. அந்தப் பையனுக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் கிடையாது. இன்சூரன்ஸ்தான் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். லைசென்ஸ் இல்லாதவனிடம் தெரிந்தே வண்டியைக் கொடுத்தால், கம்பெனி அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலிக்கலாம் என்று 2004-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு சாவுக்கான நஷ்டஈடு எத்தனை லட்சம் என்று வக்கீலிடம் கேட்டுப் பாருங்கள். தலைமுறையாகச் சேர்த்த கடை ஒரு மூட்டைக்காகப் போய்விடும்.

தம்பிகளா, உங்களுக்கு அதிகம் சொல்ல மாட்டேன்; உங்களுக்கு எல்லாம் தெரியும். நம்பர் பிளேட்டை மேல்நோக்கி மடக்கி வைத்திருக்கிறீர்களே, காமிராவுக்குத் தெரியாமல் இருக்க. உங்களை இடித்துவிட்டு ஓடும் லாரியும் அப்படியே மடக்கி வைத்திருந்தால்? சென்னையில் 2024 மே மாதம் முதல் நம்பர் பிளேட்டில் ஸ்டிக்கர் ஒட்டியவர்களுக்கு அபராதம் போட்டார்கள். நம் அமைப்பின் ஸ்டிக்கரையும் அங்கேதான் ஒட்டியிருக்கிறீர்கள். இன்றிரவே கிழியுங்கள். கொடி வீட்டில் பறக்கட்டும்!

டெல்லியில் பராஅத் இரவில் தொப்பி போட்ட பிள்ளைகள் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பறந்து, போலீஸ் இமாம்களை அழைத்து 'உங்கள் பிள்ளைகளை அடக்குங்கள்' என்று கேட்கும் நிலை வந்தது. தொழுகைக்கென்று வீட்டைவிட்டுப் புறப்பட்ட பிள்ளைகள்! நம் ஊரில் ரமலான் இரவில் தராவீஹ் முடிந்ததும் ஆற்றுப் பாலத்தின் பக்கம் எழும் சத்தத்தை நானும் கேட்கிறேன். யார் யார் வண்டி என்று சத்தத்தை வைத்தே எனக்குத் தெரியும். இங்கே பெயர் சொல்லவில்லை. வரும் ரமலானில் ஜமாஅத் நிர்வாகிகள் நான்கு பேர் என்னோடு அங்கே வந்து நிற்பதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். சாவியை வாங்கி உங்கள் அத்தாவின் கையில் கொடுப்போம், போலீசிடம் அல்ல. அத்தாவும் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தால் அடுத்த முறை போலீஸ்தான்.

நிறுத்தி வைத்த நோட்டீஸுக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். காமிரா வைக்கும் இடங்களில் முன்கூட்டியே பலகை வேண்டும். படம் போக்குவரத்துக் குற்றத்திற்கு மட்டும் பயன்பட வேண்டும். தவறான அபராதத்தை மறுக்க மாவட்டத் தலைநகர் வரை அலையாமல் இங்கேயே வழி வேண்டும். இருவழி பைபாஸ்களின் நடுவில் தடுப்பும் விளக்கும் வேண்டும். நிற்கும் கரும்பு வண்டிகளுக்குப் பின்விளக்கு கட்டாயமாக வேண்டும். இவ்வளவுதான். பள்ளிவாசல் அலுவலக அறையில் மனு இருக்கிறது, மக்ரிபுக்குப் பிறகு வந்து கையெழுத்துப் போடலாம். கடைத்தெருவில் மற்ற சமுதாயத்து வியாபாரிகளிடமும் கொண்டு போகிறோம், இது அவர்கள் பிள்ளைகளின் ரோடும்தான். வியாபாரிகள் கடை முத்திரையையும் எடுத்து வந்தால் நல்லது.